‘வயசாயிடுச்சு’ என்று சொல்லித் தட்டிக்கழித்தவை

2019ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமைக் காலை, சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, “தம்பி, இவன் எந்திரிக்கிறதைக் கொஞ்சம் பாரேன். அப்படியே என்னை மாதிரி இருக்கு” என்றார். நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எங்கள் ஷீ ட்ஸு நாய் முத்து, முன்னங்கால்களை ஊன்றி மார்பை உயர்த்தினான். அந்த நிலையிலேயே ஒரு கணம் நின்றான். பிறகு பின்னங்கால்களை ஒவ்வொன்றாக இழுத்து உடலுக்கு அடியில் சேர்த்தான். எழுந்த பின்னும் உடனே நடக்காமல் இரண்டு மூச்சு விட்டுவிட்டுத்தான் அடியெடுத்து வைத்தான். மூட்டுவலிக்காகப் பல ஆண்டுகளாகப் பலதுறை மருந்தகத்துக்குப் போய்வரும் அம்மாவும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் எழுவார்.

“பதினொரு வயசாயிடுச்சேம்மா” என்றேன்.

“எனக்கும்தான் எழுபத்தொண்ணு ஆயிடுச்சு. அதுக்காக என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகாமலா இருக்கே?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது, அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுகளில் நான் கண்டும் காணாமல் விட்டவை வரிசையாக நினைவுக்கு வந்தன. நாற்காலியில் தாவி ஏறுவதை அவன் நிறுத்தியிருந்தான். நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்திருந்தேன். மாலை நடையில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றி வருவதற்குள் பாதியில் உட்கார்ந்துவிடுவான்; வெயிலின் களைப்பு என்று நினைத்தேன். முன்னங்கால் மணிக்கட்டை ஓயாமல் நக்கி, வெள்ளை முடியெல்லாம் செம்பழுப்பாகிவிட்டிருந்தது. அழுக்கு என்று துடைத்தேன். அவன் ஒருமுறைகூட முனகவில்லை என்பதால் வலி இருக்கும் என்றே தோன்றவில்லை. அடிபட்டால் கத்தும் நாய், மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்குக் கத்துவதில்லை என்பதும், அது தன் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு அமைதியாகிவிடும் என்பதும், அந்த அமைதியைத்தான் நாம் முதுமை என்று பெயரிட்டு அழைக்கிறோம் என்பதும் மருத்துவர் சொன்ன பிறகே எனக்குப் புரிந்தது.

பரிசோதனையில் இரண்டு பின்னங்கால்களிலும் முட்டிச்சில்லு இடம்பெயர்வதும், அதன் விளைவாக மூட்டுகள் தேய்ந்திருப்பதும் தெரியவந்தன. சிறிய இன நாய்களிடம் இது பரவலாகக் காணப்படும் குறை. மருத்துவர் மருந்துச்சீட்டை எழுதும் முன்பே எடையைப் பற்றித்தான் பேசினார். முத்து 8.1 கிலோ இருந்தான். அவனுடைய உடலமைப்புக்கு ஆறரை கிலோதான் இருக்க வேண்டுமாம். ஒன்றரை கிலோ என்பது நமக்குப் பெரிதல்ல. அவனுக்கோ அது உடலில் கால் பங்கு. அமெரிக்காவில் 48 லேப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பிரிவுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததோடு, அவற்றுக்கு மூட்டுத்தேய்வும் தாமதமாகவே வந்தது. விலை உயர்ந்த எந்தச் சத்து மாத்திரைக்கும் இவ்வளவு தெளிவான சான்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எடை கூடியதற்கு யார் காரணம் என்று விசாரித்தால், எங்கள் வீட்டில் ஒருவரும் குற்றவாளி இல்லை. அம்மா தோசையின் மொறுமொறு ஓரத்தை மட்டும் கொடுப்பார். என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு பிஸ்கட். பணிப்பெண் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு கோழி. நான் இரவில் தொலைக்காட்சி பார்க்கும்போது ஒரு வாய் ரொட்டி. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கொடுத்தோம். ஆகவே ஒரு வழி செய்தோம். காலையில் அன்றைய உணவு முழுவதையும் சமையலறைத் தராசில் நிறுத்து ஓர் எவர்சில்வர் தூக்கில் போட்டுவிடுவது; யார் ஆசைப்பட்டுக் கொடுத்தாலும் அதிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்; தூக்குக் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். முதல் வாரம் அம்மா என்னுடன் சரியாகப் பேசவில்லை. ஐந்து மாதங்களில் 6.7 கிலோவுக்கு இறங்கினான். மருந்து தொடங்கியும் இரண்டு மாதம் ஏறாத நாற்காலியில், எடை இறங்கிய பிறகு தானாகவே ஏறினான். அதற்குள் நாங்கள் அதன் முன் ஒரு சிறிய படிமேடை வைத்திருந்தோம்.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் வழவழப்பான தரை வயதான நாய்க்குப் பகை என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். ஈரத்துணியால் தினமும் துடைத்துப் பளபளக்க வைத்திருக்கும் ஓட்டுத்தரையில், தசை மெலிந்த பின்னங்கால்கள் இரு பக்கமும் விரிந்து வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் தேய்ந்த மூட்டுக்கு இன்னோர் அடி. குழந்தைகள் விளையாடும் நுரைப்பாய்களை வாங்கி, அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் வாசல் வரைக்கும் ஒரு பாதைபோல் விரித்தோம். வீடு முழுவதும் விரிக்கத் தேவையில்லை. அவன் நடக்கும் வழி தெரிந்தால் போதும். பாதத்தின் அடியில் விரல்மெத்தைகளுக்கு இடையே வளரும் முடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரித்ததும் நகத்தைக் குட்டையாக வைத்ததும் பாய்க்கு நிகரான பலன் தந்தன. நடையைக் காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் என மாற்றினோம். இந்த ஊரின் ஈரக்காற்றில், பெரும்பாலும் மூச்சிரைப்பாலேயே உடலைக் குளிர்விக்கத் தெரிந்த, அதுவும் மூக்கு சப்பையான ஒரு கிழநாய்க்கு மதிய வெயில் உயிராபத்து. புறங்கையை நடைபாதையில் ஐந்து நொடி வைத்துப் பார்த்து, சுட்டால் திரும்பிவிடுவேன்.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் வீட்டில் நடந்த ஒரு பிழையை மறைக்க முடியாது. மருத்துவர் கொடுத்த வலி மருந்தை, சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக உள்ளனவா என்று இரத்தப் பரிசோதனை செய்த பிறகே தொடங்கினார்; உணவோடுதான் கொடுக்க வேண்டும், வேறெந்த வலி மாத்திரையும் கூடாது என்றும் சொன்னார். ஒரு மழைநாளில் முத்து எழவே சிரமப்பட்டதைப் பார்த்துப் பொறுக்காத அம்மா, தமக்குக் கொடுத்திருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைத் தயிர்ச்சோற்றில் பொதிந்து கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு என்னிடம் வந்து சொன்னார். நான் பதறியடித்து மருத்துவகத்தை அழைத்தேன். அவனுடைய எடைக்கு அந்த அளவு தப்பித்துவிடக்கூடியதுதான் என்று சொல்லி, வாந்தி, சோர்வு, ஈறின் நிறம் ஆகியவற்றைக் கவனிக்கச் சொன்னார்கள். “பூனையாக இருந்திருந்தால் அந்த அரை மாத்திரையே கொன்றிருக்கும்” என்று மருத்துவர் பிறகு சொன்னார். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் நொதி பூனைக்குப் போதிய அளவு இல்லை. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பேறிவிடுமாம். ஐபுபுரோஃபென் நாய்க்கும் நஞ்சு: குடலில் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்பும் வரும். அன்று முதல் அம்மாவின் வாராந்தர மாத்திரைப் பெட்டி மேல்தட்டிலும் முத்துவுடையது கீழ்த்தட்டிலும் இருந்தன. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சாம்பார் சாதமும், உலர்திராட்சை போட்ட பாயசமும் அதே நாளில் தடை செய்யப்பட்டன.

2020இல் கோவிட் நோய்த்தொற்று முறியடிப்புக் காலத்தில் நாள் முழுக்க வீட்டில் இருந்ததால்தான், அவன் ஒரு பக்கமாகவே மெல்லுகிறான் என்பதைக் கவனித்தேன். வாய் நாற்றத்தை அதுவரை நாய் நாற்றம் என்றே நினைத்திருந்தோம். பன்னிரண்டு வயதில் மயக்க மருந்து கொடுப்பதா என்று நான் ஆறு மாதம் தயங்கியது தவறு. அந்த ஆறு மாதமும் அவன் வலியோடுதான் சாப்பிட்டிருக்கிறான். இரத்தப் பரிசோதனை செய்து, நெஞ்சைச் சோதித்து, மயக்க நிலையில் ஒன்பது பற்களை எடுத்தார்கள். இரண்டே வாரத்தில் மகள் வீசிய பந்தைக் கவ்விக்கொண்டு வந்தான். மயக்க மருந்தே இல்லாமல் பல் சுத்தம் செய்து தருவதாகச் நாய்களுக்கு முடிதிருத்தும் சில கடைகளில் சொல்வதுண்டு. வெளியே தெரியும் பற்காரையைச் சுரண்டினால் பல் வெள்ளையாகும், ஆனால் நோய் இருப்பது ஈறுக்கு அடியில்.

கண்ணைப் பற்றி ஒரு சொல். வயதான நாயின் கருவிழிக்குள் தெரியும் நீலம் படர்ந்த மங்கல் எல்லாம் கண்புரை அல்ல. பெரும்பாலும் அது விழிவில்லை இறுகுவதால் வருவது, பார்வையை அதிகம் பாதிக்காது. எது எது என்று மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

பதினான்காம் வயதில் இரவுகள் கெட்டன. நள்ளிரவு இரண்டு மூன்று மணிக்கு எழுந்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, திரும்பி வரத் தெரியாமல் குரைப்பான். மனிதர்களுக்கு வரும் மறதிநோய்க்கு ஒப்பான ஒன்று நாய்களுக்கும் உண்டு என்று அறிந்தேன். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் வலி, சிறுநீர்த் தொற்று, உயர் இரத்த அழுத்தம், காது மந்தம் ஆகியவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாக விலக்கினார். அதற்கென ஒரு மருந்து கொடுத்தார். அது ஓரளவு உதவியது. அதைவிட உதவியவை, நடைவழியில் எரியவிட்ட ஒரு சிறு இரவு விளக்கும், படுக்கப்போகும் முன் கட்டாயமாக ஒரு முறை கீழே அழைத்துப்போய்ச் சிறுநீர் கழிக்க வைத்ததும், நாற்காலி மேசைகளை இடம் மாற்றாமல் இருந்ததும். அண்டை வீட்டாரிடமிருந்து புகார் வரும்வரை காத்திராமல் நானே போனேன். மேல்வீட்டுச் சீன முதியவரிடமும் எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்திடமும் அம்மா சுட்ட முறுக்கைக் கொடுத்து, நாய்க்கு மறதி வந்துவிட்டது, இரவில் குரைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். முதியவர் சிரித்துவிட்டு, தம் மனைவிக்கும் அதே நோய்தான் என்றார்.

அதற்கடுத்த பாடத்தை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தூங்கும் நாயின் மூச்சை எண்ணுங்கள். முத்துவுக்கு இதய வால்வு தளர்ந்து இரைச்சல் கேட்கிறது என்று தெரிந்ததும், ஆழ்ந்து உறங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை நெஞ்சு எழுந்து தாழ்கிறது என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். முப்பதுக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அவனுக்கு வழக்கம் 20, 22. ஒரு ஞாயிறு இரவு 31 வந்தது. அறை சூடாக இருக்கிறது என்று குளிர்சாதனத்தைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணினால் 44. இருமல் இல்லை, திணறல் இல்லை, பார்ப்பதற்கு நிம்மதியாகத் தூங்கும் நாய்தான். நாய்களைப் பெருவிரைவு ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள்; அந்த நேரத்தில் நாயை ஏற்றும் வாடகைக் கார் கிடைக்க இருபது நிமிடம் ஆனது. இரவு முழுதும் திறந்திருக்கும் மருத்துவகத்தில், நுரையீரலில் நீர் சேரத் தொடங்கிவிட்டது, காலைவரை விட்டிருந்தால் கடினம் என்றார்கள். மூக்கில் ஆக்சிஜனும் நீர் இறக்கும் ஊசியும் கொடுத்து மறுநாள் அனுப்பினார்கள். அதற்குப்பின் ஏழு மாதங்கள் இருந்தான். இரவு நேர மருத்துவகத்தின் எண்ணையும், நாயை ஏற்றும் கார்ச் சேவையையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே கைப்பேசியில் சேமித்துக்கொள்வது நல்லது.

அந்த ஏழு மாதங்களின் கடைசியில், எப்போது போதும் என்று முடிவெடுப்பது எப்படி என்ற கேள்வி வந்தது. வலி, பசி, தாகம், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்று பார்க்கும் ஒரு முறையை அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அது அம்மாவின் தினசரி நாட்காட்டியில் நடந்தது. இராகு காலம், எமகண்டம் அச்சிட்ட அந்தத் தாளைக் கிழிக்கும் முன் மூலையில் பென்சிலால் ஒரு சுழியோ ஒரு பெருக்கல் குறியோ போடுவார்; கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் சேர்த்துவைத்தார். நினைவை நம்பியிருந்தால், வாலாட்டிய ஒரு மாலைக்காக முந்தைய நான்கு நாட்களை நான் மறந்திருப்பேன். 2023 பிப்ரவரியில், பதினான்கு தாள்களில் பதினொன்றில் பெருக்கல் குறி இருந்தது. அம்மா தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மருத்துவகத்தில் அவன் தலை என் மடியில் இருந்தது.

இனி எந்தப் பிராணியும் வேண்டாம் என்றுதான் இருந்தோம். ஆனால் எங்கள் புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளத்தில் கருப்பி இருந்தாள். இடக்காதின் நுனி வெட்டப்பட்ட, அதாவது கருத்தடை செய்யப்பட்ட சமூகப் பூனை. அவளுக்கு உணவிடும் பக்கத்துப் புளோக் அம்மையாரின் கணக்குப்படி வயது பன்னிரண்டுக்குக் குறையாது. வீவக வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம் என்றானது. அந்த ஆண்டுக் கடைசியில், மழையில் நனைந்து மின்தூக்கி அருகே ஒடுங்கியிருந்தவளை மேலே கொண்டுவந்தோம். மைக்ரோசிப் பொருத்தி, உரிமம் எடுத்து, சன்னல்களுக்கு வலையும் போட்டோம். வயதான பூனையானாலும் பல்லியைக் கண்டால் பத்தாவது மாடி என்று பார்க்காது.

நாயிடம் கற்ற பாடம் பூனையிடம் பாதிதான் செல்லும். பூனை ஒளித்துவைப்பதில் நாயைவிடத் தேர்ந்தது. பன்னிரண்டு வயதைக் கடந்த பூனைகளை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 90 விழுக்காட்டுக்கு மூட்டுத்தேய்வு இருந்தது. ஆனால் நொண்டும் கிழப்பூனையை நாம் எத்தனை கண்டிருக்கிறோம்? அது நொண்டாது; உயரத்தில் ஏறுவதை விடும், முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்வதை விடும், மணல் பெட்டியின் விளிம்பைத் தாண்ட வலிப்பதால் அதற்குப் பக்கத்திலேயே சிறுநீர் கழிக்கும். கருப்பி அப்படிச் செய்தபோது பணிப்பெண் அதைத் திமிர் என்றார். நான் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்கு வெட்டி, விளிம்பில் ஒட்டுநாடா ஒட்டி வைத்தேன். திமிர் அன்றே தீர்ந்தது.

அவளுடைய சிறுநீரகக் கோளாற்றையும் அம்மாதான் கண்டுபிடித்தார். மணலில் கட்டியாகும் உருண்டைகள் முன்பு எலுமிச்சை அளவில் இருந்தவை, இப்போது ஆரஞ்சு அளவில் இருக்கின்றன என்றார். தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்தோம். அதே அளவுத் தண்ணீரை மூடிய குளியலறையில் வேறொரு கிண்ணத்தில் வைத்து, ஆவியாவதையும் கழித்துக்கொண்டோம். ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 50 மில்லிலிட்டருக்கு மேல் குடிக்கும் பூனையை மருத்துவரிடம் காட்ட வேண்டும், 3.6 கிலோ கருப்பி 210 மில்லிலிட்டர் குடித்தாள். பரிசோதனையில், நான்கு நிலைகளில் மூன்றாவது என்று தெரிந்தது. சிறுநீரகத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போகும்வரை பூனை பெரிதாக எதையும் காட்டிக்கொள்ளாது என்பதால்தான், பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல்கிறார்கள். கூடவே இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கூடினால் பூனைக்கு ஒரே இரவில் பார்வை போய்விடக்கூடும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும் கிழப்பூனைக்குத் தைராய்டையும் சோதிக்க வேண்டும்.

பாஸ்பரஸ் குறைந்த உணவுக்கு அவளை மாற்ற ஏழு வாரம் ஆனது. தேக்கா சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை அம்மா இரகசியமாகக் கொடுத்துவந்ததை நான் கண்டுபிடித்த பிறகுதான் அது முடிந்தது. கருவாட்டின் உப்பும் பாஸ்பரஸும் அவளுக்கு ஆகாதவை. பூனை விஷயத்தில் பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே கேடாகும் என்பதால், பழைய உணவோடு கால் தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி என்று கலந்தே மாற்றினோம்.

இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் மாலையில் கருப்பிக்குத் தோலுக்கடியில் 100 மில்லிலிட்டர் உப்புநீர் ஏற்றுகிறோம். மருத்துவகத்தில் இரண்டு முறை கற்றுக்கொடுத்தார்கள். முதல் வாரம் என் கைதான் நடுங்கியது, அவள் அசையவில்லை. பையை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்து, சூட்டை என் மணிக்கட்டில் பார்த்து, கதவின் மேல் மாட்டிய கொக்கியில் தொங்கவிடுவேன். தோளுக்கு இடையில் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருகினால், ஐந்து நிமிடத்தில் முதுகில் ஒட்டகத் திமில்போல் ஒன்று எழுந்து, பிறகு மெல்ல ஒரு காலுக்கு இறங்கி, மறுநாளைக்குள் கரைந்துவிடும். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து மருத்துவகத்திலேயே கொடுத்துவிடுகிறேன். அம்மா எதிரே முக்காலியில் உட்கார்ந்து, பையில் உள்ள கோடுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொல்வார். முடிந்ததும் அவளைத் தராசில் வைத்து, நாட்காட்டித் தாளின் மூலையில் எடையைக் குறிப்பார். நேற்று 3.45.